சிடிக்கு மறதி, பென் டிரைவுக்கு ஞாபகம்

2005-ல் பிஎஸ்என்எல் ‘டேட்டாஒன்’ என்ற பெயரில் பிராட்பேண்ட் கொடுக்கத் தொடங்கியது. அதில் மாதம் 500 ரூபாய்த் திட்டம் ஒன்று உண்டு. பகலில் இறக்குவதற்கு அளவு இருந்தது. ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது. வேகம் 256 கேபிபிஎஸ். ஆறு மணி நேரமும் இணைப்பு அறாமல் ஓடினால் 690 எம்பி வரும். லினக்ஸ் சிடி ஒன்றின் அளவு 700 எம்பி. அந்த மிச்சத்துக்காக இன்னொரு ராத்திரி. ஆனாலும் இதுவே அன்றைக்கு ராஜபோகம்தான். அதற்கு முந்தைய டயல்அப் மோடத்தில் அதே கோப்புக்கு ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும், நடுவில் யாரும் போன் செய்யாமல் இருந்தால்.

இப்படி இறங்கிய ஐஎஸ்ஓ கோப்பு ஒருவர் வீட்டோடு நிற்கவில்லை. ஒருவர் இறக்கினால் பத்துப் பேருக்கு சிடி போகும். சென்னை லினக்ஸ் பயனர் குழு பல வருடங்கள் ஐஐடி வளாகத்தில் மாதாமாதம் கூடியது. அந்த மாதிரிக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் பையில் சிடிக்கட்டோடு வருவார்கள். ‘பிசிக்வெஸ்ட்’ இதழ் 1990களிலேயே லினக்ஸ் சிடியை இதழோடு சேர்த்துக் கொடுத்தது. 2003-ல் ‘லினக்ஸ் ஃபார் யூ’ வந்தது. உபுண்டு லினக்ஸை வெளியிடும் நிறுவனம் ‘ஷிப்இட்’ என்று ஒரு திட்டம் வைத்து, கேட்டவர் வீட்டுக்கெல்லாம் தபாலில் இலவச சிடி அனுப்பியது. 2011-ல் அது நிற்கும் வரை, தமிழ்நாட்டில் எத்தனையோ பொறியியல் கல்லூரி விடுதிகளின் முகவரி அவர்கள் பட்டியலில் இருந்திருக்கும்.

அந்த சிடிகளில் பாதிப் பேரின் வாயைப் பிளக்க வைத்தது நாப்பிக்ஸ். கிளாஸ் நாப்பர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 2000-ல் வெளியிட்டது. டெபியன் லினக்ஸைக் கிட்டத்தட்ட 2 ஜிபி அளவுக்கு மென்பொருளோடு சேர்த்துச் சுருக்கி, ஒரே சிடியில் அடைத்திருந்தார். படிக்கும்போது தேவையான துண்டு மட்டும் அப்போதைக்கப்போது விரியும். சிடியைப் போட்டு கணினியைத் திறந்தால் போதும். ஹார்டு டிஸ்கைத் தொடாமல் முழு டெஸ்க்டாப் வந்து நிற்கும்; இதைத்தான் ‘லைவ்’ என்பார்கள். சவுண்டு கார்டு, நெட்வொர்க் கார்டு, மானிட்டர் எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். இன்று இதில் அதிசயம் ஏதும் தெரியாது. மானிட்டரின் அதிர்வெண்ணைக் கையேட்டில் தேடி, அமைப்புக் கோப்பில் கையால் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அது மாயாஜாலம். விண்டோஸ் படுத்துவிட்ட கணினியில் நாப்பிக்ஸைப் போட்டு, உள்ளே இருக்கும் கல்யாண போட்டோக்களை மீட்டுக் கொடுத்தே சிலர் தெருவில் பெயர் வாங்கினார்கள்.

அந்த சிடிக்கு ஒரு நகல் எடுப்பது எப்படி? ஓடிக்கொண்டிருக்கும் நாப்பிக்ஸிலிருந்தே எடுக்க முடியாது. கணினி சிடியிலிருந்து ஓடுவதால் டிரேயின் கதவு பூட்டிக்கிடக்கும்; வெற்று சிடி போட இடமே இல்லை. முழு சிடியையும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும் ஒரு பூட் விருப்பம் இருந்தது. அதற்கு 1 ஜிபி ராம் வேண்டும். நம் வீடுகளில் இருந்ததோ 128, மிஞ்சினால் 256 எம்பி. ஆகவே விண்டோஸுக்குத் திரும்பி நீரோ, இல்லையென்றால் ஹார்டு டிஸ்கில் நிறுவிய லினக்ஸில் கே3பி. முதலில் சிடியை ஐஎஸ்ஓவாக உறிஞ்ச வேண்டும். பிறகு வெற்று சிடியில் எழுத வேண்டும். 4எக்ஸ் வேக ரைட்டரில் ஒரு சிடி எழுத 20 நிமிடம். எழுதும்போது வேறு எந்த நிரலையும் திறக்கக் கூடாது, மவுஸைக்கூட அதிகம் அசைக்கக் கூடாது என்பது ஐதீகம். அதில் உண்மையும் உண்டு. கணினி தரவைத் தருவதில் கொஞ்சம் தாமதித்தால் லேசர் எழுத ஒன்றுமில்லாமல் நின்றுவிடும், சிடி அவுட். பின்னால் வந்த ரைட்டர்களில் இந்தத் தொல்லைக்கு வழி கண்டார்கள். அப்படியும் விவரமானவர்கள் 8எக்ஸுக்கு மேல் போக மாட்டார்கள். வேகமாக எழுதிய சிடியைப் பழைய டிரைவ்கள் படிக்க முரண்டு பிடிக்கும். கடைசியில் எம்டி5 கூட்டுத்தொகையைச் சரிபார்த்து, மார்க்கர் பேனாவால் பெயர் எழுதினால் வேலை முடிந்தது. அந்த வெற்று சிடிகளைச் செய்து குவித்த மோசர் பேர் நிறுவனத்தைக் கலைக்க 2018-ல் உத்தரவாகிவிட்டது.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த நகலுக்கு ஒரு குணம் இருந்தது. மூலத்துக்கும் அதற்கும் ஒரு பிட்கூட வித்தியாசம் இருக்காது. நகலின் நகலும் அப்படியே. ஜெர்மனியில் நாப்பர் வெளியிட்டது எதுவோ, அதுவேதான் மதுரையில் மூன்றாம் கைக்கு வந்து சேர்ந்ததும். நடுவில் அதைப் பயன்படுத்தியவர்களின் சுவடு ஒன்றும் அதில் ஒட்டாது, ஏனென்றால் ஒட்ட முடியாது. அணைத்தால் எல்லாம் போய்விடும். எழுதிய கடிதம், மாற்றிய எழுத்துரு, கொடுத்த பாஸ்வேர்டு எதுவும் மிஞ்சாது. அமைப்புகளை மட்டும் ஃபிளாப்பியில் தனியாகச் சேமிக்க வழி வைத்திருந்தார்கள். 2005-ல் வந்த நாப்பிக்ஸ் 3.8-ல் ‘யூனியன்எஃப்எஸ்’ சேர்ந்தபிறகு, சிடியிலேயே எழுதுவது போன்ற ஒரு தோற்றம் கிடைத்தது. கீழே அசையாத சிடி, மேலே நினைவகத்தில் ஒரு மெல்லிய அடுக்கு. எழுதுவதெல்லாம் மேல் அடுக்கில். கணினியை அணைத்தால் மேல் அடுக்கு காணாமல் போகும். அன்றைக்கு இதை எல்லோரும் குறையாகவே பேசினோம்.

பென் டிரைவுக்கு மாறிய நடுக்காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். அதில் நினைத்துப் பார்க்க இனிமையானது அதிகமில்லை. 128 எம்பி பென் டிரைவ் விலை உயர்ந்த பொருளாக இருந்தபோது 50 எம்பிக்குள் அடங்கிய டேம் ஸ்மால் லினக்ஸும், ஆஸ்திரேலியாவின் பேரி காவ்லர் 2003-ல் தொடங்கிய பப்பி லினக்ஸும் அதில் ஏறின. ஏறினாலும் பூட் ஆவது கணினியின் பயோஸ் மனது வைத்தால்தான். சிலது யூஎஸ்பி-ஜிப் என்று கேட்கும், சிலது யூஎஸ்பி-எச்டிடி என்று கேட்கும், சிலது பென் டிரைவைப் பார்க்கவே பார்க்காது. சிடிக்கான ஐஎஸ்ஓவை அப்படியே பென் டிரைவில் கொட்டினாலும் எழும்பாது, இரண்டும் பூட் ஆகும் முறையே வேறு. இதற்காகவே 2007-ல் யூநெட்பூட்டின் போன்ற கருவிகள் வந்தன. 2008-ல் சிஸ்லினக்ஸ் குழு, ஒரே ஐஎஸ்ஓ சிடியிலும் டிஸ்கிலும் பூட் ஆகும்படி ‘ஐஎஸ்ஓஹைப்ரிட்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. சத்தமில்லாமல் வந்த இந்தச் சின்ன மாற்றம்தான் பெரிய தலைவலியைத் தீர்த்தது. அதற்குப் பிறகு ரூஃபஸ், எட்சர் என்று ஆளுக்கொரு கருவி.

ஆனால் உண்மையான மாற்றம் பூட் ஆவதில் இல்லை. பென் டிரைவில் எழுத முடியும். மேலே இருந்த அந்த மெல்லிய அடுக்கை இனி நினைவகத்தில் வைத்துத் தொலைக்க வேண்டாம், பென் டிரைவிலேயே வைத்துக்கொள்ளலாம். உபுண்டுவில் அதற்கு ‘காஸ்பர்-ஆர்டபிள்யூ’ என்றொரு கோப்பு. ஃபேட்32-ல் அது 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் பிறகு தனிப் பகிர்வாகவே வைத்தார்கள். பப்பியோ முதல் முறை மூடும்போதே ‘சேமிக்கட்டுமா?’ என்று கேட்டு ஒரு சேமிப்புக் கோப்பை உண்டாக்கிக்கொள்ளும். இதற்குப் பொதுப்பெயர் பெர்சிஸ்டன்ஸ். அணைத்தாலும் மறக்காது.

மறக்காத பொருளில் நாளாக நாளாக நாம் குடியேறிவிடுகிறோம். வீட்டு வைஃபை, அலுவலக வைஃபை, மாமியார் வீட்டு வைஃபை என எல்லா பாஸ்வேர்டும் அதில் இருக்கும். தமிழ்99 விசைப்பலகை, பிடித்த எழுத்துரு, பிரிண்டர், பிரவுசர் ஞாபகம் வைத்திருக்கும் வங்கிப் பக்கம், சர்வருக்குள் போகும் எஸ்எஸ்எச் சாவி. சட்டைப்பையில் ஒரு முழுக் கணினி, அதில் முழுசாக ஒரு ஆள்.

பென் டிரைவுக்கோ ஆயுசு கெட்டி இல்லை. ஃபிளாஷ் நினைவகம் குறிப்பிட்ட தடவைதான் அழித்து எழுதத் தாங்கும். ஓடும் லினக்ஸ் ஒன்று பதிவேடு, பிரவுசர் கேஷ் என்று சும்மா இருக்கும்போதும் எழுதிக்கொண்டே இருக்கும். முன்னறிவிப்பில்லாமல் ஒருநாள் பென் டிரைவ் செத்துப்போகும். ஆகவே இன்று நகல் எடுக்கிறவர் பெரும்பாலும் தனக்காக எடுக்கிறார். இது போனால் அது. அன்றைக்கு நகல் எடுத்தது அடுத்தவருக்காக. இன்று அடுத்தவருக்குத் தேவையும் குறைந்துவிட்டது. போனின் தினசரி டேட்டாவிலேயே இரண்டு நாளில் லினக்ஸ் மின்ட் முழுதாக இறங்கிவிடும்.

இந்தத் தனக்கான நகலை எடுக்க ஆள் பழைய ஆள்தான். 1970களின் யூனிக்ஸிலிருந்தே இருக்கும் ‘டிடி’ என்ற கட்டளை. எங்கிருந்து, எங்கே என்று இரண்டு பெயர் கொடுத்தால் முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை அப்படியே ஊற்றும். பகிர்வு, பூட் லோடர், பெர்சிஸ்டன்ஸ் எதையும் தனித்தனியாக யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இரண்டு பெயரையும் மாற்றிக் கொடுத்தால், வெற்று டிரைவை மூலத்தின் மேல் அதே சிரத்தையோடு ஊற்றும். ‘நிஜமாகவா?’ என்று கேட்காது. அதனால்தான் பழகியவர்கள் முதலில் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் டிரைவ்களைப் பட்டியலிட்டுப் பார்ப்பார்கள். எஸ்டிபி எது, எஸ்டிசி எது என்பது செருகிய வரிசையைப் பொறுத்து மாறும். நேற்று பார்த்தது இன்று செல்லாது. அளவையும் தயாரிப்பாளர் பெயரையும் வைத்தே அடையாளம் காண வேண்டும். ஒரே கடையில் ஒரே மாடலில் இரண்டு வாங்கியிருந்தால் அந்த அடையாளமும் கிடையாது. ஒன்றைப் பிடுங்கிவிட்டுப் பட்டியலை மறுபடி பார்ப்பதுதான் வழி.

16 ஜிபி மலிவு டிரைவ் ஒன்று நொடிக்கு 8 எம்பி வேகத்தில் எழுதினால் அரை மணிக்கு மேல் ஆகும். 2015 வரை டிடி அந்த நேரம் முழுக்க மௌனமாக இருக்கும், வேலை செய்கிறதா மாட்டிக்கொண்டதா என்று தெரியாது. அந்த வருடம்தான் முன்னேற்றத்தைக் காட்டும் வசதி சேர்ந்தது. அதையும் முழுதாக நம்பக் கூடாது. லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்வதால், ஆரம்பத்தில் எண் தலைதெறிக்க ஓடும்; கடைசியில் முடிந்ததுபோலத் தெரிந்தாலும் பென் டிரைவின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அப்போது பிடுங்கினால் நகல் அரைகுறை. ‘சிங்க்’ கட்டளை கொடுத்து அது திரும்பும் வரை காத்திருக்க வேண்டும்.

இங்கேதான் சிடி காலத்தவர்கள் தடுமாறுகிறார்கள். சிடி அசையாதது, எப்போது நகல் எடுத்தாலும் ஒன்றுதான். ஓடும் பென் டிரைவ் அசைந்துகொண்டே இருக்கிறது. அதையே பூட் செய்துவிட்டு அதிலிருந்தே டிடி போட்டால், முன்பாதியை நகல் எடுத்து முடித்தபோது பின்பாதி மாறியிருக்கும். நகலில் கோப்பு முறைமை குழம்பி, எழும்பினாலும் பிழை காட்டும். மூலத்தை அணைத்துவிட்டு, வேறொரு கணினியிலோ வேறொரு லைவ் சிஸ்டத்திலோ இரண்டையும் செருகி எடுப்பதே முறை. தைவானின் தேசிய உயர்திறன் கணிமை மையத்தில் உருவான குளோன்சில்லா இதற்கென்றே இருக்கிறது. அது பயன்பாட்டில் இருக்கும் பகுதிகளை மட்டும் எடுப்பதால் நேரமும் மிச்சம்.

அளவு இன்னொரு வம்பு. சிடி என்றால் 700 எம்பி, யார் செய்தாலும். ‘16 ஜிபி’ என்று அட்டையில் போட்ட இரண்டு பென் டிரைவ்கள் உள்ளே சரிசமமாக இருப்பதில்லை. நகலுக்கான டிரைவ் சில எம்பி குறைந்தாலும் டிடி கடைசியில் இடமில்லை என்று நின்றுவிடும். அந்த வால்பகுதியில்தான் ஜிபிடி பகிர்வு அட்டவணையின் மாற்றுப் பிரதி இருக்கும். பெர்சிஸ்டன்ஸ் பகிர்வின் முனையும் பெரும்பாலும் அங்கேதான். பெரிய டிரைவாக இருந்தால் ஆபத்தில்லை. மாற்றுப் பிரதியை ஜிடிஸ்க் கொண்டு உண்மையான கடைசிக்குத் தள்ளிவிட்டு, ஜிபார்ட்டடில் பகிர்வை இழுத்து நீட்டினால் போதும். எல்லாவற்றையும்விட மோசம் போலிகள். உள்ளே 8 ஜிபி இருக்கும், 64 ஜிபி என்று பொய் சொல்லும். டிடி பிழையில்லாமல் முடியும், பூட்டும் ஆகும். எல்லை தாண்டி எழுதியதெல்லாம் காற்றில் போயிருக்கும். ‘எஃப்3’ என்ற கட்டற்ற கருவி டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். சென்னை ரிச்சி தெருவில் பேரம் படிந்தால் வீட்டுக்கு வந்ததும் அதை ஓட்டிவிடுவது நல்லது.

எல்லாம் சரியாக முடிந்தால் கையில் இரட்டையர். இரண்டுக்கும் ஒரே லேபிள், ஒரே யூயூஐடி. டெபியன் வகை லைவ் சிஸ்டங்கள் பூட் ஆகும்போது ‘பெர்சிஸ்டன்ஸ்’ என்று லேபிள் இட்ட பகிர்வைச் செருகியிருக்கும் எல்லா டிரைவிலும் தேடும். இரண்டும் ஒரே கணினியில் இருந்தால், பூட் ஆவது ஒன்றிலிருந்து, எழுதுவது இன்னொன்றில் என்று ஆகிவிடும். மூலத்தில் சேமித்ததாக நினைத்த கோப்பு நகலில் போய் உட்கார்ந்திருக்கும். நகல் எடுத்ததும் ஒன்றைப் பிடுங்கிவிட்டுத்தான் பூட் செய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

சரி, இந்த நகலை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? பழைய பழக்கத்தில், ‘உன்னிடம் நன்றாக ஓடுகிறதே, எனக்கும் ஒன்று போட்டுக் கொடு’ என்று தம்பி கேட்டால் கை தானாக டிடிக்குப் போகும். போகக் கூடாது. மேலே சொன்ன பாஸ்வேர்டுகளும் சாவிகளும் அப்படியே அவன் கைக்குப் போகும். நகல் எடுக்கும் முன் அவற்றை அழித்துவிட்டால்? டிடி காலி இடத்தையும் சேர்த்தே ஊற்றுகிறது. அழித்த கோப்பின் உள்ளடக்கம் பல சமயம் அந்தக் காலி இடத்தில் அப்படியே கிடக்கும். போட்டோரெக் என்ற இலவசக் கருவி அதைத் தோண்டி எடுத்துவிடும். போன வருடம் அழித்த சம்பளச் சீட்டு தம்பியின் டிரைவில் உயிர்த்தெழலாம்.

பெர்சிஸ்டன்ஸைப் பூட்டு போட்டு வைத்திருக்கிறோம் என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். லினக்ஸில் அந்தப் பூட்டு பொதுவாக லக்ஸ். அதில் நாம் தட்டும் பாஸ்வேர்டு தரவை நேரடியாகப் பூட்டுவதில்லை. உள்ளே இருக்கும் ஒரு மூலத் திறவுகோலைப் பூட்டுகிறது. டிடி நகலில் அந்தத் திறவுகோலும் அதேதான். நகலில் பாஸ்வேர்டை மாற்றினால் மாறுவது வெளிக்கதவு மட்டுமே. பழைய பாஸ்வேர்டு தெரிந்தவரிடம் பாஸ்வேர்டு மாற்றாத ஒரு நகல் இருந்தாலே மூலத் திறவுகோல் வெளியே வந்துவிடும். அது இரண்டு டிரைவையும் திறக்கும்.

சில லினக்ஸ்காரர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். எம்எக்ஸ் லினக்ஸில் ஸ்னாப்ஷாட் என்ற கருவி, ஓடும் சிஸ்டத்தை அப்படியே ஐஎஸ்ஓவாக மாற்றித் தரும். ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி கேட்கும்: பயனர் கணக்குகளை அப்படியே வைக்கட்டுமா, இல்லை அடுத்தவருக்குக் கொடுப்பதற்காகத் துடைக்கட்டுமா? துடைக்கச் சொன்னால் நாம் நிறுவிய மென்பொருள்கள் இருக்கும், நம் கணக்கு இருக்காது. பத்திரிகையாளர்களுக்கும் ரகசியம் காக்க வேண்டியவர்களுக்கும் என்றே செய்த டெயில்ஸில், ஓடும்போதே இன்னொரு பென் டிரைவில் குளோன் எடுக்கலாம். டெயில்ஸ் மட்டும் போகும். நம் சேமிப்பும் போக வேண்டுமானால் அதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பப்பியில் இன்னும் எளிது: மொத்தமே சில கோப்புகள்தான், சேமிப்புக் கோப்பை விட்டுவிட்டு மற்றதைக் காப்பி செய்தால் தீர்ந்தது.

2020-ல் வந்த வென்டாய் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. பென் டிரைவில் ஒருமுறை அதைப் போட்டுவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைப் பாட்டு காப்பி செய்வதுபோல உள்ளே இழுத்துப் போடலாம். பூட் செய்யும்போது பட்டியல் வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். ஐஎஸ்ஓ பிரிபடாமல் அப்படியே கிடக்கிறது, பழைய சிடியைப் போல. எம்டி5 பார்த்தால் வெளியிட்டவர் சொன்ன எண்ணே வரும். இப்போது அந்த இடத்தை எஸ்எச்ஏ256 பிடித்துவிட்டது, அதுவும் ஒத்துப்போகும். பெர்சிஸ்டன்ஸ் தனிக் கோப்பு. தனக்கு நகல் வேண்டுமானால் அதையும் சேர்த்து இழுக்கலாம், தம்பிக்கு என்றால் விட்டுவிடலாம். டிடியும் வேண்டாம், அளவு ஒத்துப்போகிறதா என்ற கவலையும் வேண்டாம்.

ஒரே ஒரு இடத்தில்தான் தம்பி போன் செய்வான். 2012-ல் விண்டோஸ் 8-உடன் பரவிய செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு, வென்டாயை முதல் தடவை பார்த்ததும் ஒரு எச்சரிக்கையைக் காட்டி நின்றுவிடும். பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓகே தட்டச் சொல்லுங்கள். அடுத்து வரும் நீலத் திரையில் ஏதாவது ஒரு விசையை அழுத்தி, ‘என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்’ என்ற வரிக்குப் போகச் சொல்லுங்கள். வென்டாயின் சின்னப் பகிர்வு அங்கே தெரியும். அதற்குள், பதிவு செய்யச் சொல்லிப் பெரிய எழுத்தில் பெயர் வைத்த கோப்பு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து ‘கன்டினியூ’, ‘எஸ்’, ‘ரீபூட்’. ஒரு கணினிக்கு ஒரு தடவை செய்தால் போதும்.